மின்சாரமும் கரிம உமிழ்வும் (சென்னை மேற்குப் புறநகர்)

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பெரிய அனல்மின் நிலையம் ஏதும் இல்லை. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அண்மையில் வந்த தரவு மையங்கள் ஆகியவை மாநில மின்தொகுப்பையே நம்பியுள்ளன.

உமிழ்வைத் தீர்மானிப்பதில் முதலிடம் எரிபொருளுக்கு. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எரிவாயுவில் அதில் பாதிதான். அந்தத் தொகுப்புக்கு மின்சாரம் தரும் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியில் இயங்குபவை. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டப்படும் கரி ரயிலில் பாராதீப் சென்று, கப்பலேறி எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறங்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். சாம்பல் மிகுந்தால் அதே மின்சாரத்துக்கு அதிகக் கரி எரிக்க வேண்டும். வடசென்னையின் பழைய 210 மெகாவாட் அலகுகளைவிட, 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகுக்கு ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கக் குறைந்த கரி போதும்.

நேரமும் பருவமும் அடுத்து வருகின்றன. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் கைகொடுக்கும். பொழுது சாய்ந்து சூரிய மின்சாரம் நின்றதும், வீடுகளில் ஏசி ஓடத் தொடங்க, பளு நிலக்கரி மேல் விழுகிறது. மின்வெட்டும் உமிழ்வைக் கூட்டியது: 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் இங்குள்ள லேத் பட்டறைகள் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டின. அந்தப் புகை தெருவிலேயே தங்கியது.

மின்சாரம் இங்கே செலவாக, அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சுமப்பதோ எண்ணூர்க் கழிமுக மீனவர்கள். இது அநீதி. தொழிற்பேட்டையின் அகன்ற கூரைகளில் சூரியத் தகடுகளும், மாலைக்குச் சேமிக்கும் பேட்டரிகளும் உடனடித் தேவை.