தைவான் மாணவர் அரசியல் இதழ்கள்

தைவானில் 1949 மே 20 முதல் 1987 ஜூலை 15 வரை இராணுவச் சட்டம் நடப்பிலிருந்தது. அக்காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படித்த தைவான் மாணவர்கள் நடத்திய இதழ்கள் இவை. உள்நாட்டில் அச்சேற முடியாத படுகொலைகளையும் கைதுகளையும் பதிவு செய்ததால், பின்னாளில் தைவானில் வந்த நிலைமாறுகால நீதிக்கு, அதாவது பழைய ஆட்சியின் கொடுமைகளுக்கு அரசு பொறுப்பேற்கும் முயற்சிக்கு, இவை அடித்தளமிட்டன.

தோற்றம்

1947 பிப்ரவரி 28-இல் மூண்ட எழுச்சியை ஆளும் கோமிந்தாங் கட்சியின் அரசு படையை ஏவி ஒடுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதைப் பற்றி வாய் திறப்பதே ஆபத்தாயிற்று. நகர மேயர் ஒருவர் மீதான ஊழல் வழக்கை விசாரித்த அரசு வழக்கறிஞர் ஓங் இயோக்-லிம்மும் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி ஓங் இயோக்-தேக் 1949-இல் ஹாங்காங் வழியாக ஜப்பானுக்குத் தப்பினார்; அங்கே மொழியியல் அறிஞரானார். மாணவர்களைத் திரட்டி 1960 ஏப்ரலில் டோக்கியோவிலிருந்து ‘தைவான் செய்னென்’ (தைவான் இளைஞர்) இதழைத் தொடங்கினார். 1961 பிப்ரவரியில் 1947 படுகொலைக்கென்றே ஒரு சிறப்பிதழ் வந்தது.

கண்காணிப்பு

எழுதியவர்கள் பலர் புனைபெயருக்குள் ஒளிந்தனர். உடன் படிப்பவரே உளவாளியாக இருக்கக்கூடும். பெயர் வெளிப்பட்டால் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது. கறுப்புப் பட்டியலில் சேர்ந்தவர் பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூட ஊர் திரும்ப முடியாது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த சென் வென்-செங், தைவானின் எதிரணி இதழான ‘ஃபார்மோசா’வுக்கு நிதி திரட்டியவர். 1981-இல் ஊருக்கு வந்திருந்தபோது ஜூலை 2 அன்று பாதுகாப்புப் படையினர் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மறுநாள் தைவான் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பிணமாகக் கிடந்தார்.

தாயகம் திரும்பிய எழுத்து

டோக்கியோ இதழின் தொடக்கக்கால மாணவர்களுள் ஒருவரான கோ சே-காய் எழுதிய அரசியலமைப்பு வரைவைத் தைப்பேயில் செங் நான்-ஜுங் 1988 டிசம்பரில் தம் வார இதழில் வெளியிட்டார். செங் மீது அரசு கிளர்ச்சிக் குற்றம் சுமத்தியது. கைதாக மறுத்த அவர், 1989 ஏப்ரல் 7 அன்று தம் அலுவலகத்திலேயே தீக்குளித்து உயிர்நீத்தார். தைவான் தனிநாடாக வேண்டும் என்று சொல்வதையே குற்றமாக்கியிருந்த குற்றவியல் சட்டத்தின் 100-ஆம் பிரிவு 1992-இல் திருத்தப்பட்டது. நாடுகடந்தோர் திரும்ப வழி பிறந்தது. 1985-இல் டோக்கியோவிலேயே காலமான ஓங் இயோக்-தேக்குக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

நிலைமாறுகால நீதி

1995-இல் அதிபர் லீ டெங்-ஹுய் 1947 படுகொலைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. ‘தைவான் செய்னென்’ 500 இதழ்களைக் கண்டு 2002-இல் நின்றது. 2018 முதல் 2022 வரை இயங்கிய நிலைமாறுகால நீதி ஆணையம் அரசியல் தண்டனைகளை ரத்து செய்தது. இரகசிய ஆவணங்களைத் திறக்க முயன்றது. சென் வென்-செங் அரசின் கையால் இறந்திருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு என்று 2020-இல் அறிவித்தது. ஆனால் அந்தச் சாவுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மாண்டவர் யார் என்பதற்கு மட்டுமன்றிக் கொன்றவர் யார் என்பதற்கும் அரசு பதில் சொல்லும்போதுதான், இவ்விதழ்கள் கோரிய நீதி நிறைவேறும்.