பூட்டிய நூலகமும் நடந்து சென்ற நூல்களும்

நூலகம் என்பது யாது? நான்கு சுவரும், கூரையும், அலமாரிகளில் அடுக்கி வைத்த நூல்களுமே நூலகம் எனக் கருதுவோர் பலர். அக்கட்டடத்தின் கதவு அடைபட்டால் நூலகமே அடைபட்டதாக அவர்கள் கொள்வர். 2020-ஆம் ஆண்டில் உலகை முடக்கிய கொரோனாப் பெருந்தொற்று, இக்கருத்து எந்த அளவுக்கு மெய் என்பதை நமக்குக் காட்டிச் சென்றது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அப்பாடத்தை நம் இளைஞர் முன் வைப்பது கடமை எனக் கருதுகின்றோம்.

நூலகம் நம் உரிமை

முதற்கண் ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். நூலகம் எவரும் நமக்கு இடும் பிச்சை அன்று. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதல் இயற்றப்பெற்ற பொது நூலகச் சட்டம், 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டமே. நூலகத் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். அரங்கநாதன் பல்லாண்டு பாடுபட்டதன் பயன் அது. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கப்பெறுகின்றது. கூடுவாஞ்சேரியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் கூலித் தொழிலாளியும் நூலகத்தின் பங்குதாரரே ஆவார்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொது அலுவலகத்தில் நுழையவும் ஒடுக்கப்பட்டோருக்குத் தடையில்லை என்று 1924-இல் சென்னை அரசு ஆணையிட்டு அறிவிக்க வேண்டியிருந்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் போன்ற பெரியோர் சட்டமன்றத்தில் எழுப்பிய குரலை நாம் மறத்தல் ஆகாது. நோய்க்கு அஞ்சிக் கதவடைத்ததை உலகம் 2020-இல் புதிதாகக் கண்டது. சாதிக்கு அஞ்சிக் கதவடைத்ததை நம் முன்னோர் வாழ்நாளெல்லாம் கண்டனர்.

அடைபட்ட காலம்

2020 மார்ச்சுத் திங்களில் பள்ளிகளும் நூலகங்களும் மூடப்பட்டன. தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே ஓடிய மின்தொடர் வண்டிகளும் நின்றன. செப்டம்பரில் நூலகங்கள் கட்டுப்பாடுகளுடன் ஓரளவு திறந்தன. எனினும் 2021-இல் இரண்டாம் அலையின்போது மீண்டும் அடைபட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த நாள் 2021 நவம்பர் 1. ஏறத்தாழ 19 திங்கள் நம் சிறுவர்க்குப் பள்ளியும் இல்லை. நூலகமும் இல்லை என்றே கூறலாம்.

அந்நாளில் நூல்களும் தனிமைப்படுத்தப்பட்டன. வாசகர் திருப்பிய நூலைச் சில நாள் தொடாது வைத்திருந்து, பின்னரே மற்றவருக்கு வழங்கும் முறையைப் பல நாடுகளின் நூலகங்கள் கைக்கொண்டன. இவ்வச்சம் புதிதன்று. தொற்றுநோயாளர் பொது நூலகத்து நூலை எடுத்துப் பயன்படுத்தலாகாது என 1907-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமொன்று விதித்தது. ஆயினும் நூலுக்கு விதித்த தனிமை சில நாளில் தீர்ந்தது. நூலைத் தொட்டால் தீட்டு என மனிதர்க்கு விதித்த தனிமையோ தலைமுறை தலைமுறையாக நீடித்தது. அக்காலத்தில் வழங்கிய 'சமூக இடைவெளி' என்னும் சொல்லை விடுத்து, 'உடல்வழி இடைவெளி' என்று கூறுவதே தகும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அறிவித்தது. சமூக இடைவெளியின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கதவுக்கு வெளியே நடந்த பணி

கதவடைத்த நூலகங்கள் அனைத்தும் உறங்கிவிடவில்லை. அமெரிக்காவில் பல நூலகங்கள் கட்டடத்தைப் பூட்டிய பின்னரும் கம்பியில்லா இணைய இணைப்பை அணைக்காது விட்டன. வீட்டில் இணையம் இல்லாதோர் நூலகத்து வாயிலில் நின்று அதனைப் பயன்படுத்தினர். கேட்ட நூலை வாயிலருகே எடுத்து வைத்து, உள்ளே வாராமலே பெற்றுச் செல்லச் செய்த நூலகங்களும் பல. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் மின்னூல்களைக் கைப்பேசி வழியே இரவல் வழங்கிற்று. நம் நாட்டில் கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகமும், நம் மாநிலத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கட்டணமின்றி எவரும் படிக்குமாறு திறந்திருந்தன.

இவை போற்றத்தக்கனவே. ஆனால் அம்மின்னூலகத்தின் வாயிலில் நுழைந்தவர் யார்? 2017-18-இல் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய ஊர்ப்புற வீடுகளில் இணைய வசதி உடையவை நூற்றுக்கு 15 அளவே. கணினி உடையவை நூற்றுக்கு 4 அளவே. தந்தை வேலைக்குச் செல்லும்போது உடன் எடுத்துச் செல்லும் ஒற்றைக் கைப்பேசியை நம்பி மூன்று பிள்ளைகள் படிக்க வேண்டிய வீட்டில், எத்துணை மின்னூல் இருந்தும் என்ன பயன்? பள்ளி மீண்டும் திறந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தடுமாறிய பிள்ளைகளை ஆசிரியராகிய நாம் வகுப்பறையிற் கண்டோம். பிள்ளைகள் மீது குற்றமில்லை. அவர்கள் கைக்கு நூல் எட்டவில்லை.

முன்னோர் காட்டிய வழி

இணையம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, நூலை வாசகரின் இருப்பிடத்திற்குக் கொண்டு செல்லும் வழியை நம் நாடு அறிந்திருந்தது. 1910-இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ், போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்து நூலகப் பணியைத் தொடங்கினார். மரப்பெட்டிகளில் நூல்களை நிரப்பிச் சிற்றூர்களுக்கு அனுப்பும் ஏற்பாடும் அதில் அடங்கும். தமிழகத்தில் 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பெற்றது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் அமைத்த அவ்வண்டி ஊர் ஊராகச் சென்று நூல் வழங்கிற்று. வாசகன் நூலைத் தேடி வரட்டும் எனக் காத்திராது, நூலே வாசகனைத் தேடிச் சென்றது.

இவை யாவற்றினும் நமக்கு நெருக்கமான சான்று அண்ணல் அம்பேத்கரின் இளமை வாழ்வில் உண்டு. பம்பாயில் பள்ளி விட்டதும் அவர் பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து படிப்பது வழக்கம். அங்கு அவரைக் கண்ட கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்னும் ஆசிரியர், தம் நூல்களை அவருக்குப் படிக்கத் தந்தார். 1907-இல் அவர் மெட்ரிக்குலேஷன் தேறியபோது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக ஈந்தார். பரோடா மன்னரின் உதவி அவ்விளைஞருக்குக் கிட்டவும் கெலுஸ்கரே துணை நின்றார். அப்பூங்காவில் கட்டடமும் இல்லை; அலமாரியும் இல்லை. படிக்கத் துடித்த ஒரு பிள்ளையும், நூலைக் கொடுக்க மனமுள்ள ஒரு பெரியவரும் இருந்தனர். நூலகத்தின் உயிர் அதுவே என்பது நம் துணிபு.

நாம் செய்யத்தக்கது

இளைஞர்களே! இன்னொரு தொற்று வரலாம், பெருவெள்ளம் வரலாம். 2015 டிசம்பரில் நம் புறநகர்ப் பகுதி வெள்ளத்தில் மிதந்ததை அறிவீர்கள். அந்நாளில் நூலகம் மீண்டும் அடைபடக்கூடும். அதற்கு முன்பே நாம் ஆயத்தமாதல் வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் ஒரு நூற்பெட்டி இருக்கட்டும். பெட்டிக்கு ஐம்பது நூல்கள் போதும். அவற்றை ஏட்டிற் பதிந்து, திங்கள்தோறும் தெருவுக்குத் தெரு மாற்றுதல் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாள்தோறும் அரைமணி நேரம் படித்துக் காட்டுதல் வேண்டும்.

அரசின் கடமையும் இதனால் குறைந்துவிடாது. வீடு தேடி நூல் வழங்கும் 'நூலக நண்பர்கள்' என்னும் தன்னார்வலர் திட்டத்தைப் பொது நூலகத்துறை பின்னர் ஏற்படுத்தியுள்ளது. நம் இளைஞர் அதிற் சேர்ந்து, நூல்கள் நம் தெருக்களுக்கும் தவறாது வருகின்றனவா எனக் கண்காணிக்க வேண்டும். பிற தெருக்களிற் சுற்றிவிட்டு நம் தெரு முனையில் திரும்பிச் செல்லும் வண்டி பொது நூலகம் ஆகாது. வரி கட்டும் நாம் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை உடையோம்.

இருபத்தைந்து ஆண்டு நிறைவெய்திய நம் சங்கம், தெருவுக்கு ஒரு நூற்பெட்டியை இவ்வாண்டிலேயே வைக்குமாயின், அதுவே இவ்விழாவின் நிலையான நினைவுச் சின்னமாகும். அப்பணியை இன்றே தொடங்குவோமாக!