அடைதலும் அடைத்தலும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், விடைத்தாள் கட்டுகளிலிருந்து ஒருவாறு தப்பிச் சிவகங்கைச் சீமையிலுள்ள நம் ஊருக்குச் சென்றிருந்தபோது, கொல்லையில் ஒரு கோழிக்கூடு கட்ட நேர்ந்தது. பேடைகள் பத்து, சேவல் ஒன்று. கூட்டையும், அதை ஒட்டிக் கோழிகள் உலவக் கம்பிவலை அடித்த முற்றத்தையும் சேர்த்துச் செய்வதற்குத் தச்சர் 18,000 ரூபாய் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த நம் அன்னையார், "பகல்ல கோழிக்கு என்னத்துக்கு வேலி? பொழுது சாய அடைய ஒரு எடம் வேணும், அம்புட்டுதேன்" என்று கூறிவிட்டு எழுந்து போனார்.

'அடைய' என்ற அச்சொல் நம்மை விடவில்லை. மாலையில் கோழி தானே வந்து சேர்வது அடைதல். நாம் அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது அடைத்தல். தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே ஒரு தகர ஒற்றுதான் வேறுபாடு. கோழிக்கூட்டின் வரலாறு என்று ஒன்றை எழுதினால், அந்த ஒற்று எங்கே நுழைந்தது என்பதையே எழுத வேண்டியிருக்கும் எனத் தோன்றியது.

நம் ஊரிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது ஒக்கூர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் ஊர் அதுவே எனக் கருதுவோர் உளர். அவர் பாடிய குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒரு வீட்டுக்கோழி வருகிறது. குறுகிய கால்களையுடைய பேடை. மாலை வேளையில் வேலிப்புறத்தே வெருகு, அஃதாவது காட்டுப்பூனை, வந்துவிட்டது. எங்கே புகுவதென்று அறியாமல், குஞ்சுகளை ஒன்றுசேர்க்கக் கத்துகிறது தாய். பரத்தையிடமிருந்து மீளும் தலைவனைச் சூழ்ந்த ஊராரின் பழிச்சொல்லுக்கு அந்தக் கதறலை உவமையாக்கித் தோழி வாயில் மறுக்கிறாள். வகுப்பில் இப்பாடலை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். உள்ளுறையையும் உவமையையும் மாணவர்க்கு விளக்கியிருக்கிறோம். அந்தப் பேடைக்கு ஏன் புக இடமில்லை என்று ஒருமுறையும் கேட்டதில்லை. கொல்லையில் அளவுநாடாவுடன் நின்றபோதுதான் அக்கேள்வி உறைத்தது.

சங்கப் பாடல்களில் கோழி பகலெல்லாம் தன் விருப்பம்போல் திரிகிறது. பட்டினப்பாலையில், உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியைக் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள் பட்டினத்துப் பெண்கள். பெரும்பாணாற்றுப்படை, அந்தணர் மனைகளில் கோழியும் நாயும் நெருங்குவதில்லை என்கிறது. உழவர் மனையிலோ பாணனுக்குக் கோழிப்பொரியலே கிடைக்கிறது. அச்சமெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். குறுந்தொகை 107இல், தன்னைத் துயிலெழுப்பிய சேவலை வெருகுக்குட்டிக்கு இரையாகப் போகும்படி சபிக்கிறாள் தலைவி. சாபம் பலிக்கக்கூடியது என்பதனால்தான் அதற்கு வலிமை.

இவற்றுள் நமக்கு மிக அணுக்கமானது புறநானூறு 326. தங்கால் பொற்கொல்லனார் பாடியது. நள்ளிரவில் வெருகுக்கு அஞ்சி ஓர் இளம்பேடை உயிர் நடுங்கிக் கத்துகிறது. பருத்தி நூற்கும் பெண்ணொருத்தி, பஞ்சின் தூசும் செத்தையும் புடைத்து நீக்குவதற்காக எழுந்து சிறுவிளக்கை ஏற்றுகிறாள். அவ்வொளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையையுடைய தன் சேவலைக் கண்டு பேடை அமைதியடைகிறது. ஓர் ஏழை வீட்டு இரவு இது. இரவிலும் உழைக்கும் பெண்ணின் விளக்கே அந்தப் பேடைக்குக் காவல். நாம் இங்குக் காட்டிய பாடல்கள் எதிலும் கூடு என ஒன்று பேசப்படவில்லை.

(சேவலுக்கு வேறு கதை. பல்லவர் காலத் தொடக்கத்தில், சண்டையில் இறந்த சேவல்களுக்கு நடுகல் எடுத்தனர் தமிழர். இந்தளூரிலும் அரசலாபுரத்திலும் அக்கற்கள் கிடைத்துள்ளன. இந்தளூர்ச் சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயரே உண்டு. குஞ்சுகளைக் காக்கக் கத்திய பேடைக்குக் கல் ஏது!)

பிற்காலத்தில் நம் ஊர்ப்பக்கம் வழங்கியது பஞ்சாரம். கூண்டைக் குறிக்கும் பஞ்சரம் என்ற வடசொல்லின் பேச்சு வடிவம் இது. மூங்கிற் பிளாச்சால் முடைந்த, அடியற்ற பெருங்கூடை. மாலையில் கோழிகளின்மேல் கவிழ்த்து, பூனை புரட்டாதிருக்க உச்சியில் ஒரு கல்லை வைத்தால் முடிந்தது. பகலில் பருந்துக்கு அஞ்சிக் குஞ்சுக்கோழியை இதனடியில் வைத்து, நிழல் நகர நகரக் கூடையையும் நகர்த்துவார்கள். தரை அழுக்கானால் கூட்டைக் கழுவ வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். சில வீடுகளில் திண்ணைக்கு அடியிலேயே மண்ணால் பொந்துபோல் கூடு அமைத்துப் பலகையால் மூடுவதும் உண்டு. எதுவாயினும் இரவுக்கு மட்டுமே. பகலில் கோழி தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். நம் முன்னோரின் கூடு மலிவாக இருந்ததன் மறைபொருள் இதுதான். மூங்கிலின் விலை இரண்டாம்பட்சமே.

பகலிலும் அடைப்பது பெருமளவில் எளிதானதற்கு இங்கிலாந்தின் நார்விச் நகரத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். துணி நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் இரும்புப்பட்டறை வைத்திருந்த சார்லஸ் பர்னார்ட் என்பவர், 1844இல் தறியின் நுட்பத்தைக் கொண்டு கம்பியை வலையாகப் பின்னும் எந்திரத்தை உருவாக்கினார். இன்று நம் கடைத்தெருவில் கோழிவலை என்று கேட்டால் தருகிறார்களே, அந்த அறுகோணக் கண் வலையின் தொடக்கம் அதுவே. வேலியின் விலை வீழ்ந்தது. ஆயினும் வெயில் படாமல் உள்ளேயே வளர்ந்த கோழிகளுக்குக் கால்கள் துவண்டன. 1920களில் வைட்டமின் டியின் இயல்பு விளங்கி, மீன் எண்ணெயைத் தீனியில் கலந்ததும் அத்தடையும் நீங்கிற்று. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1923இல் செசில் ஸ்டீல் என்ற இல்லத்தரசி 50 குஞ்சுகள் வேண்டுமென எழுத, தவறுதலாக 500 வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பவில்லை. இறைச்சிக்கென வளர்த்து விற்றார். அங்கிருந்து தொடங்கிய வழி, முட்டைக்கோழிக்கு ஓர் ஏ4 தாளின் பரப்பும் இல்லாத கம்பிக்கூண்டு வரை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வகைக் கூண்டை 2012 சனவரி முதல் தடைசெய்தது. நாமக்கல் பக்கத்து நீண்ட கொட்டகைகளைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் நமக்கு மனம் இரண்டாகும். சத்துணவுத் தட்டில் முட்டையைக் காணும் குழந்தையின் முன் நின்று கூண்டைப் பழித்துப் பேச நா எழாது. கூண்டுக்குள் பார்த்தபின் புகழவும் எழாது.

இனி நம் கூட்டுக்கு வருவோம். இடித்த வீட்டின் பழங்கதவு இரண்டு, சீமைக்கருவேலங் கால்கள், மேலே நாட்டு ஓடு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தளம். உள்ளே கோழிகள் ஏறி உட்கார உருட்டுக்கம்புகள். முற்றத்துக்கு அறுகோண வலை அடித்தோம். மலிவு என்பதால் கூட்டின் சாளரத்துக்கும் அதையே அடித்தோம். அது நம் பிழை. அவ்வலை கோழியை வெளியே விடாதே தவிர, வேட்டை விலங்கை உள்ளே வராமல் தடுக்காது. இரண்டாம் இரவே மரநாய் சாளர வலையைப் பிய்த்து ஒரு பேடையைக் கொண்டுபோயிற்று. விடியலில் சிறகுகளைப் பொறுக்கியபோது மாசாத்தியாரின் வெருகு நினைவுக்கு வந்ததென்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும், வந்தது உண்மை. பிறகு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கிச் சாளரத்தில் அடித்தோம். முற்றத்து வலையைக் கழற்றிப் பந்தலில் அவரைக்கொடி ஏற அன்னையார் எடுத்துக்கொண்டார். மொத்தச் செலவு 4,300 ரூபாய்.

இன்னொரு சிக்கல். மீதமிருந்த கோழிகள் அந்தக் கூட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முருங்கைக் கிளைக்கே பறந்தன. "மூணு நாளு பகல்லயும் உள்ளயே அடைச்சுப் போடு. நாலாம் நாளு தானா வந்து அடையும்" என்றார் அன்னையார். அவ்வாறே செய்தோம். நான்காம் நாள் மாலை, கதவு திறந்தே கிடக்க, சேவல் முதலில் ஏறிற்று. பின்னாலேயே எட்டுப் பேடைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின. ஒன்பதாவது மட்டும் முருங்கையிலேயே இருந்தது. இப்போதும் அது அங்கேதான் ஏறுகிறதாம். நாள்தோறும் இருட்டியபின் அன்னையார் அதைக் கையால் பிடித்துப் பழைய பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கல்லை வைக்கிறார்.