வராளியில் ஒரு பள்ளு: மெட்டு மாற்றமும் கேட்போர் நினைவும்

புதுவயலில் ஒரு திருமணம். கெட்டிமேளம் ஓய்ந்து, கூட்டம் பந்திக்கு நகரத் தொடங்கிய நேரம். நாயனக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்து ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டை எடுத்தார். காபி ராகத்தின் காந்தாரத்தை உதட்டழுத்தத்தாலும் விரல் வழுக்கலாலும் அவர் அசைத்த விதத்தில் மண்டபத்தின் இரைச்சல் தணிந்தது. தவில்காரர் தொப்பிப் பக்கத்துக் குச்சியை அடக்கி, வலந்தலையில் விரல்கூடுகளால் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஆச்சிமார் நால்வரின் உதடுகள் அசைந்தன; குரல் எழவில்லை. வாத்தியத்தில் இல்லாத சொல்லை அவர்கள் மனசுக்குள் இட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அசைந்த உதடுகள்தான் இந்தக் கட்டுரையின் சான்று. ஒரு பாணியில் பிறந்த பாட்டை அதற்குக் கொஞ்சமும் ஒட்டாத வேறொரு பாணியில் பாடுவதை இன்று ‘கவர்’ என்கிறோம். ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’ குழு 1994-இல் வெளியிட்ட ‘ஹர்ட்’ பாட்டை, முதுமையின் தளர்ச்சி குரலில் தெரிய ஜானி கேஷ் 2002-இல் பாடியது உலகம் அறிந்த எடுத்துக்காட்டு. இத்தகைய பாட்டுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பாணிகளை எதிரெதிரே நிறுத்தி, எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவுகோல் போதாது. முரண் இருப்பது கேட்பவரின் நினைவில். பழைய மெட்டு காதில் இருக்கும்வரைதான் புதியது மறுபாட்டு. அது மறந்துபோன நாளில் மறுபாட்டே மூலப்பாட்டு ஆகிவிடும். இதைக் காட்ட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கண்டனூர் புதுவயல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் இசை வரலாறே போதும்.

பாரதியிலிருந்து தொடங்குவோம். அவர் 1919-இல் காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரின் விருந்தினராக இருந்தார். கையில் தடியோடு அவர் இருக்கும் புகழ்பெற்ற புகைப்படம் அப்போது எடுத்ததுதான். மெட்டு மாற்றத்தை அரசியல் ஆயுதமாக அவரளவுக்குத் தெளிவாகக் கையாண்ட தமிழ்க்கவி வேறொருவர் இல்லை என்றே சொல்வேன். ‘தொண்டு செய்யும் அடிமை’ என்ற பாட்டில், விடுதலை கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி ஒருவன் அதட்டுகிறான். அதன் தலைப்பிலேயே வர்ணமெட்டு குறிக்கப்பட்டுள்ளது: கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக அனுமதி கேட்கும் நந்தனை வேதியர் ஏசும் பாட்டின் மெட்டு அது.

இந்தத் தேர்வின் கூர்மையைப் பாருங்கள். நந்தனார் கதாகாலட்சேபத்தைக் கேட்டுக் கண்கலங்கிய மேல்சாதிக் கேட்பாளர், அதே மெட்டில் இந்தப் பாட்டைக் கேட்கும்போது தாமே நந்தனின் இடத்தில் நிற்பதை உணர்கிறார். வேதியர் நின்ற இடத்தில் வெள்ளைக்காரன் நிற்கிறான். சாதியைப் பற்றிப் பாட்டில் தனியே வாதிட வேண்டியதில்லை, மெட்டே வாதிட்டுவிடுகிறது. வள்ளலாரின் ஆன்மிகப் பாடல் ஒன்றைத் திரித்து கோகலேயைக் கிண்டல் செய்த ‘கோக்லே சாமியார் பாட’லும் இதே உத்திதான். மூலத்தின் பரவசம் தெரிந்தவருக்கே அதில் கேலி உறைக்கும். இன்று வகுப்பறையில் இந்தப் பாடல்களைப் படிக்கும் மாணவருக்கு நந்தனார் மெட்டு தெரியாது. அச்சில் சொற்கள் அப்படியே இருக்கின்றன; பாதிப் பொருள் போய்விட்டது.

அடுத்தது ‘சுதந்திரப் பள்ளு’. பள்ளு என்பது உழவுத் தொழிலாளரின் களியாட்டமாக அமையும் சிற்றிலக்கிய வகை. நெல் அரைவை ஆலைகளால் பிழைக்கும் புதுவயலில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைப் படிக்கும்போது அது எனக்கு வெறும் இலக்கிய வகையாகத் தோன்றுவதில்லை. பாரதி பதிப்புகளில் இந்தப் பாட்டின் தலைப்புக் குறிப்பு: பள்ளர் களியாட்டம், ராகம் வராளி, தாளம் ஆதி. இந்தக் குறிப்பின் அருகே எவரும் போதிய நேரம் நின்றதாகத் தெரியவில்லை. வராளி கனராகங்கள் ஐந்தில் ஒன்று. பிரதிமத்திமம் மேலேறி, சுத்த காந்தாரம் கீழே தாழ்ந்து, நடுவில் ஒரு பெரிய இடைவெளியோடு ஒலிப்பது. குரு சீடனுக்கு நேரே கற்பிக்கக் கூடாது என்ற நம்பிக்கை வரைக்கும் கனம் ஏறிய ராகம். கும்மாளத்துக்கு யாரும் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அந்தக் குறிப்பை ஏற்றால், கச்சேரி மேடையின் மிகக் கனமான உடையைப் பள்ளர் ஆட்டத்துக்கு அணிவித்திருக்கிறது இந்தப் பாட்டு. பாட்டின் சமத்துவக் கருத்தும் ராகத் தேர்வும் ஒரே செயல் என்பது என் வாசிப்பு.

இந்தப் பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்ததும் காரைக்குடிதான். போர்க்காலத்துக்குப் பின் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் நடத்திய ஸ்டுடியோவில் எடுத்த ‘நாம் இருவர்’ 1947 ஜனவரியில், விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே வெளிவந்தது. இசை ஆர். சுதர்சனம், பாடியவர் டி.கே. பட்டம்மாள், ஆடியவர் குமாரி கமலா. கச்சேரிப் பயிற்சியில் கனிந்த பட்டம்மாளின் குரல் பள்ளுப் பாடியதே அன்று புதுமை. ஆனால் படத்தில் கேட்பது வராளி இல்லை. துள்ளலான, பள்ளிப்பிள்ளைகள் சேர்ந்து பாடத்தக்க மெட்டு. அதன் அழகில் எனக்கு ஐயம் எதுவும் கிடையாது. சிறு வயதில் அதைப் பாடித்தான் வளர்ந்தேன். எனினும் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். பாட்டுக்கும் ராகத்துக்கும் இடையே பாரதி பதிப்பு காட்டும் முரணைத் திரைப்படம் நேர்செய்துவிட்டது. மகிழ்ச்சிப் பாட்டுக்கு மகிழ்ச்சி மெட்டு. மாற்றி அமைத்தது என்று நாம் நினைப்பது உண்மையில் முரணைக் குறைத்திருக்கிறது.

இங்கே சட்டமும் கதைக்குள் வருகிறது. பாரதி பாடல்களின் இசை உரிமை அப்போது மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949-இல் அரசு பாரதி படைப்புகளைப் பொதுவுடைமை ஆக்க முனைந்தபோது அவர் பணம் எதுவும் வாங்காமல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். ஒரு கவியின் சொத்து இப்படி எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட நிகழ்வுகள் உலகில் அரிது. 1951-இல் வந்த ‘மணமகள்’ படத்தில் சி.ஆர். சுப்பராமன் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டை ராகமாலிகையாக்கினார், எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அது வீடு வீடாகப் போனது. 1982-இல் ‘ஏழாவது மனிதன்’ படம் முழுவதற்கும் எல். வைத்தியநாதன் பாரதியையே எடுத்துக்கொண்டார். 2000-இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் இசையில் ஹரிஹரன் பாரதியைப் பாடினார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத பாட்டு எத்தனை மெட்டுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் முதல் மெட்டைக் காக்கும் கடமையும் யாருக்கும் இல்லாமல் போகிறது.

மறதி தவிர்க்க முடியாதது என்று இதற்கு விடை சொல்லலாம். அரியக்குடி அந்த விடையை மறுக்கிறது. அந்த ஊர்க்காரரான அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) திருப்பாவை முப்பதுக்கும் கச்சேரி மெட்டு அமைத்தார். முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராகங்கள் ஐந்தும் வரிசையாக வருகின்றன. மார்கழி விடியலில் கோஷ்டியாகச் சேவிக்கப்படும் பாசுரத்துக்கும் பல்லவி அனுபல்லவி கேட்டுப் பழகிய சபாவுக்கும் எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தை அவர் கடந்தார். பழைய சேவிப்பு அழியவில்லை. பெருமாள் கோயிலில் அது நித்திய கடமை என்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. ஆண்டாளின் நான்காம் பாசுரத்தை வராளியில் கேட்கும் வைணவர் கோஷ்டியின் ஓசையையும் உடன் கேட்கிறார். பழைய வடிவத்தைச் சுமக்க ஒரு நிறுவனம் இருந்தால் மறுபாட்டு அதை விழுங்குவதில்லை. பள்ளுக்கு அப்படி ஒரு கோயில் வாய்க்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயப் படைவாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொல்லிட்டுச் செய்த நோட்டுஸ்வரங்கள் ஏறத்தாழ நாற்பது. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் அற்ற நேர்நடையில் இருப்பவை. ‘சந்ததம் பாஹிமாம்’ பாட்டின் மெட்டு பிரிட்டனின் அரச வாழ்த்து. இன்று அதைப் பாலபாடமாகக் கற்கும் குழந்தைக்கு அது அம்பாள் பாட்டு மட்டுமே. லண்டனில் அந்த மெட்டைக் கேட்டால் குழந்தை வியக்கும்.

இனி நாகஸ்வரம். திரைப்பாட்டு ஊதி நாயனம் கெட்டுப்போனது என்ற குறை நெடுநாளாக உள்ளது. அந்த மனவருத்தம் எனக்கும் உண்டு. மணிக்கணக்கில் தோடி ஊதிய டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் மரபில் வந்தவர், ‘அண்ணே, ஒரு சினிமாப் பாட்டு’ என்ற சீட்டு மேடைக்கு வந்ததும் ஆலாபனையை நடுவில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொன்னவர் மேல்தான் வழக்கு. பாட்டின் மேல் இல்லை. ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம் போட்டியிட்டதைக் கேட்டவர் திரைக்கும் வாத்தியத்துக்கும் பகை என்று சொல்ல மாட்டார்.

உண்மையில் நாகஸ்வரம் திரைப்பாட்டுக்குச் செய்யும் வேலை ஓர் ஆய்வாளன் செய்யும் வேலை. வயலின் கூட்டம், கிதார், பின்னணிக் கோர்வை எல்லாவற்றையும் நாயனம் கழற்றி எறிகிறது, சொல்லையும் எறிகிறது. மிஞ்சுவது ஒற்றை இழை மெட்டு. ஏழு விரல்துளைகளையும் மூச்சையும் வைத்து அந்த இழை தன்னந்தனியாக நிற்க வேண்டும். நிற்காத பாட்டை நாயனக்காரர் ஒரு கல்யாணத்தோடு விட்டுவிடுவார். நிற்கும் பாட்டை முப்பது வருஷம் ஊதுவார். எந்தத் திரைப்பாட்டு நல்ல மெட்டு என்ற கேள்விக்கு அவருடைய பட்டியலைவிட நம்பகமான ஆவணம் எதுவும் நம்மிடம் இல்லை. ஊரூராகப் போய் அந்தப் பட்டியல்களைக் கேட்டு எழுதும் பணி தொடங்கப்பட வேண்டும். முதியவர்கள் குறைந்துவருகிறார்கள்.

புதுவயல் திருமணத்துக்குத் திரும்புகிறேன். ‘கண்ணன் பாட்டு’ 1917-இல் வந்தது. அதில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்குப் பாரதி தரும் ராகம் பைரவி, தாளம் ரூபகம். கீழே ஸ்வர வரிசைகளும் உண்டு. அவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவத்துக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்ற குறிப்பும் உண்டு. பாரதியே அனுமதி தந்துவிட்டார், பிறகு ராகமாலிகையை யார் கேட்பது என்று நண்பர்கள் வாதிடுவார்கள். அவர் தந்தது மாதிரியோடு சேர்ந்த அனுமதி. மாதிரி தெரிந்தவர் மாற்றலாம். மாதிரி எங்கே என்பதே என் கேள்வி.

பந்தி முடிந்ததும் அந்த ஸ்வரங்களை ஒரு தாளில் எழுதி நாயனக்காரரிடம் கொடுத்தேன். “பைரவியாங்கய்யா?” என்று கேட்டு, விரலை வெறுமனே துளைகள்மேல் ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே தாவலில் ஏறி, தைவதத்தைத் தொட்டு நிஷாதத்தில் ஒரு கணம் நின்று, திரும்ப இறங்கினார். தவில்காரர் கேளாமலே ரூபகத்தில் சேர்ந்துகொண்டார். கொஞ்சலாகவே இதுவரை நான் கேட்டிருந்த பாட்டில் முதல்முறையாக ஒரு தகப்பனின் பயம் கேட்டது.

வெற்றிலைத் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நின்றார். முன்பு உதடசைத்த நால்வரில் ஒருவர். இப்போது உதடு அசையவில்லை.

“நல்லாருக்கேப்பா. இது எந்தப் படத்துப் பாட்டு?” என்று கேட்டார்.