கட்டணப் பரிந்துரையும் வெளிப்படுத்தலும்: திண்டுக்கல் வணிகத்தை முன்வைத்து

விற்பவரிடமிருந்து பணமோ, இலவசப் பொருளோ, வேறு சலுகையோ பெற்றுக்கொண்டு அவருடைய பொருளைப் பொதுவெளியில் புகழ்வது கட்டணப் பரிந்துரை எனப்படும். அந்தத் தொடர்பை வாசகருக்கும் பார்வையாளருக்கும் தெரிவிப்பது வெளிப்படுத்தல் எனப்படும். வலைப்பூ, யூடியூப், இணைய மதிப்புரை ஆகியவற்றையொட்டி இவை இன்று பேசப்பட்டாலும் இந்தச் சிக்கல் இணையத்தைவிட மிகப் பழையது. வாய்ச்சொல்லால் பெயர் வளர்ந்த திண்டுக்கல்லின் வணிக வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

வாய்ச்சொல்லால் வளர்ந்த பெயர்கள்

19ஆம் நூற்றாண்டில் ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்ற பெயரில் கடல் கடந்து விற்ற சுருட்டுகளுக்குத் திண்டுக்கல் வட்டாரப் புகையிலை பயன்பட்டது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் இச்சுருட்டு இடம்பெறுகிறது. வின்ஸ்டன் சர்ச்சில் விரும்பிப் புகைத்த சுருட்டு என்ற பேச்சும் நெடுநாளாக வழங்கிவருகிறது.

கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டும் இவ்வாறே பெயர் பெற்றது. மாங்காய்ப் பூட்டு அதன் புகழ்பெற்ற வகை. உணவுத் துறையில், நாகசாமி நாயுடு 1957இல் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் ‘தலப்பாக்கட்டி’ என்று வாடிக்கையாளர்களால் அழைக்கப்பட்டது. சீரகச் சம்பா அரிசியில் செய்யும் திண்டுக்கல் பிரியாணி பின்னர் தனி வகையாகவே அறியப்பட்டது. இப்பெயரை ஒத்த பெயர்களைப் பிறர் பயன்படுத்துவது குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றன. நற்பெயர் என்பது பணமதிப்புள்ள சொத்து என்பதை இது காட்டுகிறது.

ஊருக்குள் பரவும் வாய்ச்சொல்லுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. பேசுபவர் யார் என்பது கேட்பவருக்குத் தெரியும். கடைக்காரரின் மைத்துனர் அந்தக் கடையைப் புகழ்ந்தால், கேட்பவர் உறவைக் கருதி அந்தப் புகழ்ச்சியில் பாதியைக் கழித்துக்கொள்வார். முகம் தெரியாத ஒருவரின் சொல் அச்சிலும் திரையிலும் வரும்போது இப்படிக் கழித்துப் பார்க்க வழியில்லை.

அச்சு ஊடகக் காலம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் இதழ்களில் மருந்து விளம்பரங்கள் மிகுந்திருந்தன. நோய் தீர்ந்தவர்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட நற்சாட்சிகள் அவற்றில் இடம்பெற்றன. எழுதியவர் உண்மையில் இருக்கிறாரா, அவர் ஏதேனும் பெற்றாரா என்று வாசகர் அறிய முடியாது. சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்தது.

பணம் பெற்று வெளியிடும் செய்தியை ‘விளம்பரம்’ என்று குறிக்கவேண்டும் என அமெரிக்கா 1912இல் சட்டம் இயற்றியது. குறைந்த அஞ்சல் கட்டணச் சலுகை பெறும் பத்திரிகைகளுக்கு இது பொருந்தியது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களை ஒட்டி, வேட்பாளர்களிடம் பணம் பெற்றுச் செய்தி வெளியிடப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இந்தியப் பத்திரிகை மன்றம் ‘பெய்ட் நியூஸ்’ எனப்பட்ட இவ்வழக்கத்தை ஆராய்ந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது.

இணையக் காலமும் விதிகளும்

வலைப்பூக்களையும் சமூக ஊடகங்களையும் கருத்தில் கொண்டு அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தன் பரிந்துரை வழிகாட்டுதல்களை 2009இல் திருத்தியது. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அடித்தளம் அமைத்தது. அதன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில் உருவானது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை ரூ.10 லட்சம் வரையும், அடுத்தடுத்த முறை ரூ.50 லட்சம் வரையும் அது அபராதம் விதிக்கலாம். பரிந்துரைத்தவருக்கு ஓராண்டு வரையும், மீண்டும் தவறினால் மூன்றாண்டு வரையும் பரிந்துரை செய்யத் தடை விதிக்கலாம். தகவலைச் சரிபார்க்க உரிய முயற்சி எடுத்தவருக்கு இத்தண்டனை இல்லை.

இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் சமூக ஊடக விளம்பர வழிகாட்டுதல்கள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்தன. 2022 ஜூன் 9 அன்று அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய, பார்வையாளர் எதிர்பார்க்காத தொடர்பு இருந்தால் அதை முழுமையாகத் தெரிவிக்கவேண்டும் என்றன. பணம் மட்டுமன்றி இலவசப் பொருள், தங்கும் வசதி, பயணம், குடும்ப உறவு ஆகியவையும் இத்தொடர்பில் அடங்கும். பொறுப்புத் துறப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்கவேண்டும் என்றும் அவை கூறின. தமிழ்க் காணொளிகளுக்கு இது முக்கியமான விதி. தமிழில் புகழ்ந்துவிட்டு, மூலையில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை மட்டும் இட்டால் பலருக்கு அது போய்ச் சேராது.

இணைய மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ‘ஐஎஸ் 19000:2022’ என்ற தரத்தை வெளியிட்டது. விற்பவரோ அவர் சார்பில் மற்றொருவரோ ஆள் வைத்து எழுதச்செய்த மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று. எனினும் இது கட்டாயமாக்கப்படாத, தன்னார்வத் தரமாகவே வெளியானது. பரிந்துரைக்கும் பிரபலங்களும் சமூக ஊடகச் செல்வாக்காளர்களும் தவறான விளம்பரத்துக்குச் சமப் பொறுப்புடையவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 7 அன்று கூறியது.

சிறு வணிகர்களின் நிலை

நெடுஞ்சாலையில் திண்டுக்கல்லைக் கடக்கும் பயணி சாப்பிடும் கடையை இன்று கைபேசியில் தேர்ந்தெடுக்கிறார். காணொளியும் நட்சத்திர மதிப்பீடும் அவருக்கு வழிகாட்டுகின்றன. அவற்றில் எது வாடிக்கையாளரின் கருத்து, எது வாங்கப்பட்ட புகழ்ச்சி என்று தெரியாதபோது அவர் மட்டும் ஏமாறுவதில்லை. அளவும் சுவையும் குறையாமல் சமைத்தும், விளம்பரத்துக்குச் செலவிட முடியாத சிறு கடைக்காரரும் இழக்கிறார். அலிகார் பூட்டுகளோடு போட்டியிடும் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளரின் நிலையும் இதுவே.

திண்டுக்கல் பூட்டும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. இதுவும் ஒருவகைச் சான்றுரைதான். ஆனால் விண்ணப்பித்தவர் யார் என்பது அதில் வெளிப்படை. விண்ணப்பத்தை அரசின் இதழில் வெளியிட்டு, எதிர்ப்புத் தெரிவிக்க அவகாசம் தந்த பின்னரே குறியீடு வழங்கப்படுகிறது. கட்டணப் பரிந்துரையிலும் விதிகள் கேட்பது இந்த வெளிப்படைத்தன்மையையே. பணம் பெற்றுப் பரிந்துரைப்பதை அவை குற்றமாக்கவில்லை, மறைப்பதையே குற்றமாக்குகின்றன. புகழ்பவர் மைத்துனரா மற்றவரா என்று தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லை எவ்வளவு நம்புவது என்பதைக் கேட்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.