ஓடும் நீரில் பழுது பார்த்தல்

தலைமையாசிரியனாய் இருந்த நாளில், மாணவரை மாசியில்தான் கல்லணைக்கு அழைத்துச் செல்வேன். நீர் வற்றினாலன்றி மதகின் அடித்தளம் தெரியாதன்றோ? மேட்டூர் அணையின் நீர், வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை வயல்களுக்கு உரியது. எஞ்சிய நாட்களே பழுது பார்ப்போருக்கு.

கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை நாம் கட்டியதன்று, பெற்றது. மணல் மேடிட்டுக் காவிரி தூர்ந்து, நீர் கொள்ளிடத்தில் வீணானபோது, 1830-களில் ஆர்தர் காட்டன் அதனை இடித்தாரல்லர்; மணற்போக்கிகளை அமைத்தார். ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் வித்தையையும் அவ்வணையிடமே கற்றார். முக்கொம்பில் மேலணையும் எழுப்பினார்.

அம்மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவு வெள்ளத்தில் வீழ்ந்தன. ஆற்றை நிறுத்த இயலுமா? பாறையும் மணல்மூட்டையும் இட்டு, ஓடும் நீரிலேயே அடைத்தனர். அருகே புதிய கதவணை எழும்வரை, ஒட்டுப்போட்ட பழைய அணையே பணி செய்தது.