துரைமாரின் புதுக் கார்: வட சிலாங்கூர் தோட்டங்களின் ஒரு பழைய வழக்கம்

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, கோலகுபு பாரு வட்டாரத் தோட்டங்களை ஆண்ட ஐரோப்பியத் துரைமாருக்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சில மாதங்கள் சம்பளத்தோடு தாயக விடுப்பு கிடைத்தது. கப்பல் செலவு கம்பெனியுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இந்த விடுப்போடு ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. புதுக் காரைத் தொழிற்சாலை வாசலிலேயே எடுத்து, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று ஓட்டி மகிழ்ந்து, பிறகு கப்பலேற்றி மலாயாவுக்குக் கொண்டுவருவார்கள். பார்ப்பதற்குப் பணக்காரப் பொழுதுபோக்கு. ஆனால் அதைச் சாத்தியமாக்கியவை ஒரு வேலை ஒப்பந்தம், ஒரு வரிச் சட்டம், ஒரு கப்பல் அட்டவணை.

இந்தத் தோட்டங்களே காரின் தயவில் பிறந்தவைதான். 1890களில் சிலாங்கூரில் காப்பி நொடித்தது. காற்றடைத்த டயர் 1888இல் வந்திருந்தது. ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. காட்டை அழித்துப் பால்மரம் நட ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட ஹென்றி ஃபொக்கோனியே, 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அவர் கையால் உருவானது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் என்பது ஒரு வேடிக்கை. தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

தோட்டத்துக்குள் கார் வெறும் வண்டியாக இருக்கவில்லை. செம்மண் சடக்கைத் தமிழர்கள் வெட்டிப் போட்டார்கள், அதில் கார் ஓட்டியவர் துரை. விடியற்காலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு காட்டுக்கு நடப்பார்கள். சற்று வசதி வந்தவரிடம் சைக்கிள் இருக்கும். அந்தச் சைக்கிளில் போகிறவர் எதிரே ஐரோப்பிய அதிகாரியைக் கண்டால், பல தோட்டங்களில் எழுத்தரான கிராணியைக் கண்டாலும்கூட, இறங்கி நிற்க வேண்டும். எழுதப்பட்ட சட்டம் அல்ல. மீறினால் வேலை போகும் என்ற அளவுக்கு உறுதியான வழக்கம்.

1941இன் கிள்ளான் வேலைநிறுத்தம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வும், சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளமும், பிள்ளைகளுக்குப் படிப்பும், கள்ளுக்கடை ஒழிப்பும் இருந்தன. அவற்றோடு, துரையின் முன்னும் கிராணியின் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் கேட்கப்பட்டது. கூலிக் கணக்குக்கு நடுவே சைக்கிள் எதற்கு என்று கேட்பவர் தோட்டத்துச் சடக்கில் நடந்து பழகாதவராகத்தான் இருக்க முடியும். மே மாதம் நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் கிள்ளானுக்கு வெளியே பிற தோட்டங்களுக்கும் பரவ, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை இறக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்தார்கள். துரைமார் சிறை முகாமுக்குப் போனார்கள். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள்.

போர் முடிந்து திரும்பிய துரைமாருக்கு அடுத்து வந்தது 1948இன் அவசரகாலம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் துப்பாக்கிக்கு அஞ்சிக் காருக்கு இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். தகட்டின் பாரத்தில் வேகம் செத்தது; கதவு இடுக்கில் காற்று நுழையாது. கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில், 1951 அக்டோபர் 6 அன்று, உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி தமது ரோல்ஸ் ராய்ஸில் போகும்போது பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கொரியப் போரால் ரப்பர் விலை பவுண்டுக்கு 2 மலாயா டாலரைத் தாண்டியதும் அதே ஆண்டில்தான். கையில் காசும் மனத்தில் களைப்பும் சேர்ந்திருந்த நேரம். திறந்த கூரையுள்ள காரில் ஆல்ப்ஸ் மலையேறும் ஆசை அந்தத் தலைமுறைத் துரைமாருக்கு ஏன் வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

வழியைத் திறந்தது பிரிட்டனின் கொள்முதல் வரி. 1940இல் வந்த அந்த வரி, 1951இல் எல்லாக் கார்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கு விகிதத்துக்கு உயர்ந்தது. ஏற்றுமதிக்குப் போகும் காருக்கு வரி இல்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர் காரை வாங்கிக் குறித்த காலம் ஐரோப்பாவில் ஓட்டிவிட்டு நாட்டைவிட்டுக் கொண்டுபோனால் அதுவும் ஏற்றுமதிதான். உள்நாட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்க, கோலசிலாங்கூரிலிருந்து வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். 1948 அக்டோபரில் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே 120இன் அடிப்படை விலை 998 பவுண்டு. 1,000ஐத் தாண்டினால் வரி இரட்டிப்பாகும் என்பதால் வைத்த விலை அது. வரியோடு அது 1,200ஐத் தாண்டியது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டப்பட்ட ஈ-டைப், வரியோடு சுமார் 2,100 பவுண்டு, வரி நீங்கினால் சுமார் 1,500. அந்த வித்தியாசத்தில் பயணச் செலவு முழுவதும் அடங்கிவிடும்.

திட்டமிடல் விடுப்புக்குப் பல மாதங்களுக்கு முன்பே கோலாலம்பூரில் தொடங்கியது. 1899இல் அங்கே பிறந்த சைக்கிள் அண்ட் கேரேஜ் போன்ற விற்பனை நிறுவனங்கள் வழியாகத் தொழிற்சாலைக்கு ஆர்டர் போகும். பிரிட்டனைப் போலவே மலாயாவிலும் வண்டி இடப்பக்கம் ஓடியதால் வலப்பக்க ஸ்டியரிங் பொருந்தியது. ஐரோப்பாவில் மட்டும், முன்னே போகும் லாரியைத் தாண்டப் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லைகளில் வரி கட்டாமல் காரைக் கொண்டுபோக ‘கார்னே’ என்ற சுங்கப் புத்தகம். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு தாளைக் கிழித்து முத்திரை குத்துவார்கள். அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி. 1953 முதல் காப்புறுதிக்குப் பச்சை அட்டை.

புது எஞ்சினை முதல் 500, 1,000 மைலுக்கு விரட்டக் கூடாது, பிறகு எண்ணெய் மாற்ற வேண்டும். அதனால் ஜாகுவாரின் கவென்ட்ரி தொழிற்சாலையில் எடுத்த காரைப் பிரிட்டனுக்குள் நிதானமாக ஓட்டிப் பதப்படுத்தி, முதல் பராமரிப்பு முடித்த பிறகே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்கள் உண்டு. டோவரில் கார்களுக்கென்று முனையம் திறந்தது 1953இல். அதற்கு முன்பே, 1948 ஜூலை முதல், சில்வர் சிட்டி நிறுவனம் காரை விமானத்தில் ஏற்றி லிம்ப்னியிலிருந்து லெ துக்கே வரை பறக்கவிட்டது. கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கச் சாலை 1964இலும் மோன் பிளாங்க் சுரங்கச் சாலை 1965இலும்தான் திறந்தன. அதுவரை உயர்ந்த கணவாய்கள் கோடையில் மட்டுமே பனி விலகித் திறக்கும், மற்ற மாதங்களில் காரை ரயிலில் ஏற்ற வேண்டும். தோட்டக் கம்பெனி விடுப்பை எந்த மாதம் தருகிறது என்பதே பாதையைத் தீர்மானித்தது.

கடைசியில் காரைக் கப்பலில் ஏற்ற வேண்டும். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் வழியில் சரக்குக் கப்பல்கள் ஓடின. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து தரைவழியே புறப்பட்டு 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய துரைக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. போர்ட் சுவெட்டன்ஹாமில் கிரேன் காரை இறக்கிய அதே துறைமுகத்திலிருந்துதான் ரப்பர் தாள்கள் பேல் கட்டப்பட்டு ஐரோப்பாவுக்குப் போயின. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழர்களை ஏற்றிவந்த ‘ரஜூலா’ கப்பலும் அங்கே வந்து நின்றது. ஊருக்குப் போய்வர நினைத்த பால்வெட்டுத் தொழிலாளி தளப் பயணச் சீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் சேமித்தார். அவருக்கு ஒப்பந்தத்தில் விடுப்புச் செலவு கிடையாது.

1957இல் சுதந்திரம் வந்தபின் நிர்வாகப் பொறுப்புகள் மெல்ல மலேசியர்கள் கைக்கு வந்தன. தாயக விடுப்பு என்ற ஏற்பாடே அவர்களுக்குப் பொருந்தவில்லை. அவர்களின் தாயகம் இங்கேயே இருந்தது. 1967இல் பத்து தீகாவில் சுவீடிஷ் மோட்டார் அசெம்பிளிஸ் வால்வோ கார்களைப் பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது. உள்நாட்டில் பொருத்திய கார்களுக்குச் சாதகமாக இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததும் வெளியிலிருந்து முழுக் காராகக் கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லை. அதே 1967 ஜூனில் மூடிய சூயஸ் கால்வாய் 1975 வரை திறக்கவில்லை. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தன, விடுப்புக்காரர்கள் விமானத்துக்கு மாறினார்கள். பிரிட்டனின் கொள்முதல் வரி 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரிக்கு இடம்விட்டது. அதற்குள் வட சிலாங்கூரில் அந்தச் சலுகையைப் பயன்படுத்த ஐரோப்பியத் துரைமார் அதிகம் பேர் மிஞ்சியிருக்கவில்லை.